சங்கரேஸ்வரி உட்கார்ந்த அரைமணி நேரம்

ஏழரை மணி எங்கள் ஊரைவிட்டுப் போன சாயங்காலம் அதை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பாறைக்குளம் எப்படிப்பட்ட ஊர் என்றால், ஒரு லாரி டயர் வெடித்தால் நாற்பது பேர் கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆனால் ஒரு முழு அரைமணி நேரம், அதுவும் வெயில் தணிந்து காற்று வீசத் தொடங்குகிற நல்ல அரைமணி நேரம், தெருவில் இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்து, கருவேலங்காட்டுக்குள் போய் மறைந்ததை ஒரு ஜீவனும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவரவர் கண் அவரவர் போனில் இருந்தது. ஏழு இருபத்தொன்பது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. அடுத்த நிமிடம் எட்டாகிவிட்டது. அடுப்பில் வைத்த உலை கொதிக்காமலே இருக்க, களைந்து வைத்த அரிசி அரிசியாகவே கிடக்க, சுவர்க் கடிகாரமும் செல்போனும் மாதா கோவில் மணியும் ஒரே குரலில் எட்டு என்றன.

அது போவதற்கு முன்னால் எங்கள் ஊரில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பாறைக்குளத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வெளியூர்க்காரர்கள் அதைத் தொழிற்சாலை என்பார்கள், நாங்கள் ஆபீஸ் என்போம், சம்பளத்தைத் தவிர மற்ற மரியாதையெல்லாம் கொடுத்துவிட்டோம். வடக்குத் தெரு சங்கரேஸ்வரி அங்கேதான் பெட்டி அடைத்தாள். விடிவதற்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஓட்டமும் நடையுமாக ஆபீஸுக்குப் போய், பொழுதுக்கும் குச்சியை அள்ளிப் பெட்டிக்குள் அடைத்து, மருந்து வாடையோடு வீடு திரும்பி, பாத்திரம் துலக்கி, துணி மடித்து, மாவு அரைத்து, அதற்குப் பிறகு ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக் காலை நீட்டுவாள். அந்த நேரத்தில் புருஷன் கனகவேல் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"நாடகம் ஓடுது."

அதற்குமேல் எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளையும் வாயைத் திறக்க மாட்டான். மின்சார வாரியத்தையும் கடவுளையும்போல டிவியும் நம் சொல்லுக்கு நிற்காது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற நாடகத்தை நிறுத்த முடியாது, போனால் போனதுதான், ஆகவே பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பயனில்லை. பசித்தால் தண்ணீர் குடித்துக்கொண்டு எட்டு மணிவரை காத்திருக்க வேண்டியதுதான். 'மருதாணி மாளிகை' என்ற அந்த நாடகத்தின் லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். கதாநாயகி மாடிப்படியில் தடுக்கியது பங்குனியில், தரையில் வந்து விழுந்தது வைகாசியில். சங்கரேஸ்வரிக்கு அதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்றே தெரியாது. அவள் நாடகத்தைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று வாய்த்த ஒரே சொத்து அந்த அரைமணி நேரம்.

பொங்கலுக்கு அவள் மகன் முகிலன் புது டிவி வாங்கி வந்தான். சிவகாசியில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற நல்ல பிள்ளை, ஆத்தாள்மேல் உயிரையே வைத்திருக்கிறவன், அவனை யாரும் குறை சொல்லப்படாது. டிவியைச் சுவரில் மாட்டி, இன்டர்நெட்டை இழுத்துக் கொடுத்து, ரிமோட்டை அவள் கையில் வைத்தான்.

"இனிமே மணி பாத்துக் காத்துக் கெடக்க வேண்டாம்மா. எல்லா நாடகமும் இதுக்குள்ள இருக்கு. நீ எப்ப வேணும்னாலும் பாத்துக்கிரலாம். உன் இஷ்டத்துக்கு நிறுத்தலாம், ஓட்டலாம்."

"என் இஷ்டத்துக்கா?" என்று கேட்டு அவள் பூரித்துப் போனாள்.

அன்று ஏழரைக்கு அவள் காலை நீட்டியவுடன் கனகவேல் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டான். வழக்கம்போல அவள் "நாடகம் ஓடுது" என்றாள். அவன் எழுந்து வந்து, ரிமோட்டை எடுத்து, ஒரு பொத்தானை அமுக்கினான். கதாநாயகி வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டாள்.

"இப்ப ஓடலைல்ல? ரெண்டு தோசையை ஊத்திட்டு வந்து பாரு. அதான் எப்ப வேணும்னாலும் பாத்துக்கிரலாமே."

நியாயமான பேச்சுதான், அதனால்தான் அவள் எழுந்து போனாள். தோசைக்காக நிறுத்தினாள், கைலி காணோம் என்பதற்காக நிறுத்தினாள், விருந்தாளிக்காக நிறுத்தினாள், விருந்தாளி போனபிறகு அவர் குடித்த டம்ளருக்காக நிறுத்தினாள், நிறுத்தி நிறுத்தி, வாய் பிளந்த கதாநாயகி அந்த வீட்டில் ஒரு சாமி படமாகவே ஆகிவிட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்த நாடகங்கள், அப்புறம் உட்கார்ந்துகொள்ளலாம் என்று எடுத்து வைத்த உட்காரல்கள் எல்லாம் சேர்ந்துகொண்டே போயின. சங்கரேஸ்வரி வீட்டில் நடந்ததுதான் பக்கத்து வீட்டு ஜெயக்கொடிக்கும் நடந்தது, கீழத் தெருவிலும் நடந்தது, பள்ளிவாசல் தெருவிலும் நடந்தது. எப்ப வேணும்னாலும் என்றால் எப்பவும் இல்லை என்று அர்த்தம் என்பதைப் பாறைக்குளத்துப் பெண்கள் பொங்கல் முடிந்து மாசி பிறப்பதற்குள் கண்டுகொண்டார்கள். ஆள் இல்லாத வீட்டில் எத்தனை நாள்தான் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருப்பான்? ஏழரை மணி கொஞ்ச நாள் பார்த்தது, எழுந்து போய்விட்டது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட அழகைச் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் எல்லோரும் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் ஜோசியர், ஏழரை தானாக ஊரைவிட்டு ஓடியிருக்கிறது, இதைவிட நல்ல சகுனம் என்ன வேண்டும் என்று சொல்லிப் பத்துப் பேருக்குப் பரிகாரத்தைத் தள்ளுபடி செய்தார். பேரூராட்சி கூடி, அந்த அரைமணி நேரத்துக்குத் தெருவிளக்குச் செலவு மிச்சம் என்று கைதட்டித் தீர்மானம் போட்டது. சாத்தூரிலிருந்து வருகிற பஸ் அந்த நேரத்தில் எங்கள் ஊர் எல்லையைத் தொட்டால் அங்கே ஊர் இருக்காது, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கருவேல முள்தான் நிற்கும். கண்டக்டர் ஒரு தரம் பயந்தார், மறுதரம் சலித்துக்கொண்டார், மூன்றாம் தரத்திலிருந்து முந்தைய ஊரில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் டீ குடிக்கச் சொல்லிவிட்டு, ஊர் திரும்பி வந்ததும் விசில் ஊதினார். டீக்கடையில் பெஞ்சு தேய்க்கிறவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. சாப்பாடு சீக்கிரம் வந்தது.

பெண்களுக்குத்தான் ஒன்று நடந்தது. மூச்சுவிட நேரமில்லை என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம் அல்லவா, அது அப்படியே நடந்தது. காலையில் இழுத்த மூச்சை ஏழரைக்கு உட்கார்ந்து விடுவதுதான் அவர்கள் வழக்கம்; விடுவதற்கு நேரம் இல்லாமல் போனதால் எல்லோரும் நெஞ்சு நிமிர்ந்து, தோள் காதுவரை ஏறி, விடாத மூச்சோடு நடமாடினார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா குழாயை வைத்துப் பார்த்து, "உள்ள நிறையக் காத்து இருக்கு, வெளிய வர மாட்டேங்குது" என்றாள், சொன்ன அவளுக்கும் தோள் ஏறித்தான் இருந்தது. ஜெயக்கொடி ஒருநாள் குழம்புக்கு மூன்று தரம் உப்புப் போட்டாள். சங்கரேஸ்வரி பெட்டி அடைத்துக்கொண்டே, கை பாட்டுக்கு ஓட, கண்ணைத் திறந்தபடி தூங்கினாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் செத்துவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த அரைமணி நேரம் அவளுக்குத் திரும்பி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

நேராகக் கேபிள் ராயப்பனிடம் போனாள். ஒரு காலத்தில் ஊர் முழுக்கக் கம்பி இழுத்து, மாடியில் குடை வைத்து, உள்ளூர் சேனலில் கோவில் கொடை, மாதா தேர், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று காட்டிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அதே கம்பியில் இன்டர்நெட் கொடுத்துப் பிழைத்தார். அவர் அறையில் முகிலனும் இருந்தான். இருவரும் பேசத் தொடங்கினால் எப்போதும் ஒரே சண்டைதான்.

"இன்னும் அஞ்சு வருசத்துல நேரம் பாத்து டிவி முன்னால உக்கார ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, மாமா. பந்தயம் கட்டுறேன்."

"போடா. மனுசன் இருக்கிற வரைக்கும் ஒண்ணாச் சேந்து பாப்பான்."

"என்னத்தைப் பாப்பான்?"

சங்கரேஸ்வரி உள்ளே வந்து, உட்காராமலே பேசினாள்.

"அண்ணே, உங்க சேனல் இன்னும் இருக்கா?"

"இருக்கு தங்கச்சி. பாக்கத்தான் நாதி இல்ல."

"அதுல ஏதாவது போடுங்க. ஏழரைக்குப் போடுங்க. எல்லாரும் ஒண்ணா வந்து உக்காந்தா அது திரும்பி வந்துரும். ஆளு இல்லாமத்தான அது போச்சு."

ராயப்பன் மனசார ஒத்துக்கொண்டார், ஆனால் பழக்கம் யாரை விட்டது? பழைய கோவில் கொடை ஒன்றைத் தேடியெடுத்துப் போட ஏற்பாடு செய்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்பும்போது, கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: 'பார்க்க முடியாதவர்கள் பிறகு இதே லிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.' அந்த ஒரு வரி போதாதா? ஊரே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது. ஏழு இருபத்தொன்பதுக்கு அடுத்து எட்டு வந்தது, எந்தச் சங்கடமும் இல்லாமல்.

சங்கரேஸ்வரி திரும்ப வந்தபோது அவள் கண்ணில் நீர் இருந்தது. ராயப்பனுக்குத் தலை கவிழ்ந்தது.

"தப்புத்தான் தங்கச்சி. பழசை எடுத்துப் போட்டா எவன் பாப்பான்? நேரலையாப் போடணும். ஆனா இந்த ஊர்ல நேரலையாக் காட்ட என்ன இருக்கு? கொடை ஆடியிலதான். தேரு டிசம்பர்ல."

அவள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் திருவிழா கேமரா துணி போர்த்தி நின்றது. அதற்கு எதிரே, கை ஒடிந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

"நான் உக்காருதேன்."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணும் இல்ல. உக்காந்திருப்பேன். அதைக் காட்டுங்க."

மறுநாள் காலையிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லி வந்தார்கள். இன்று மாலை ஏழேகால் மணிக்கு நமது பாறைக்குளம் சேனலில், வடக்குத் தெரு கனகவேல் சம்சாரம் சங்கரேஸ்வரி எட்டு மணிவரை எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார், நேரலை, பதிவு கிடையாது, மறுஒளிபரப்பு கிடையாது, விட்டால் போச்சு. ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் யோசித்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளையை எங்களில் யார் பார்த்திருக்கிறோம்? பிணத்தைப் பார்த்திருக்கிறோம், கல்யாணப் பெண்ணைப் பார்த்திருக்கிறோம், அதிலும் கல்யாணப் பெண்ணுக்கு வேலை இருந்தது. எழுந்திருப்பாளா மாட்டாளா என்று மத்தியானத்துக்குள் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. கனகவேல், 'எழுந்திருப்பாள்' கட்சிக்குத் தலைவன்.

"அஞ்சு நிமிசம் தாங்க மாட்டா. எனக்குத் தெரியாதா அவளை?"

ஏழேகாலுக்கு வடக்குத் தெரு, கீழத் தெரு, பள்ளிவாசல் தெரு எல்லாவற்றிலும் டிவி முன்னால் சனம் கூடிவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே திசையில் உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது, ஒருவர் முழங்கால் ஒருவர் முதுகில் இடித்தது. திரையில் சங்கரேஸ்வரி வந்தாள். ஆபீஸிலிருந்து வந்த சேலை, தோள் காதுவரை ஏறி நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

எங்கேயோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. திரையில் அவள் கழுத்து அந்தப் பக்கம் நீண்டது, பிறகு திரும்பியது, ஊர் "ஹோ" என்றது. நாலு தூற்றல் விழுந்தது. காயப்போட்ட துணி ஞாபகம் அவள் முகத்தில் ஓடியதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்தோம், அவள் கை இரண்டும் முழங்காலைப் பிடித்தது, எழுந்திருக்கப் போகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். ஜெயக்கொடி தன் வீட்டு டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

"மதினி, துணியை நான் எடுத்துட்டேன்! எந்திரிக்காதீக! அசையாதீக மதினி!"

கேட்டதோ கேட்கவில்லையோ, கை முழங்காலை விட்டது. மடியில் போன் அடித்தது. கனகவேல்தான் டீக்கடையிலிருந்து கூப்பிட்டான், கூப்பிட்டுவிட்டு எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்தான். அவள் போனைப் பார்த்தாள், அடிக்க விட்டாள். ஊர் முழுக்க அந்த மணிச் சத்தத்தை ஒரு கச்சேரி மாதிரி கேட்டது. கனகவேலுக்கு முகம் சுண்டிப் போயிற்று. எழுந்தான், நடந்தான், ஓடினான், ராயப்பன் அறை வாசலில் போய் நின்றான். அவன் திரையில் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"ஏ சங்கரி, தோசை மாவு எங்க இருக்கு?"

மணி ஏழு இருபத்தொன்பது. பாறைக்குளத்தில் அந்த நிமிடம் ஒரு போனும் அசையவில்லை, ஒரு தலையும் திரும்பவில்லை. சங்கரேஸ்வரி கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"இருக்கிற எடத்துலதான் இருக்கு. எனக்கு நேரலை ஓடுது."

அப்போது மணி ஏழரை ஆனது.

அது எப்படி வந்தது என்று கேட்டால், கண்மாய்க் கரைப் பக்கமிருந்து என்றும் கோவில் பக்கமிருந்து என்றும் ஆளுக்கொன்று சொல்வார்கள்; ஆனால் எல்லா வீட்டுக் கடிகாரமும் ஏழரையைக் காட்டியதை, அடுத்து முப்பத்தொன்றைக் காட்டியதை, யாராலும் மறுக்க முடியாது. பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர், முள்ளுக்காடு நிற்க வேண்டிய இடத்தில் விளக்கு வெளிச்சம் தெரிவதைப் பார்த்து டம்ளரைக் கீழே போட்டார். திரையில் சங்கரேஸ்வரியின் தோள் மெல்ல இறங்கியது. அவள் காலை நீட்டினாள், விரல்களில் நெட்டி முறித்தாள், டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "சூடா இருக்கு" என்று சொன்னாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு மூச்சை விட்டாள். அவளோடு ஊரிலுள்ள அத்தனை பெண்களும், டாக்டரம்மா உட்பட, இத்தனை மாதமாக வைத்திருந்த மூச்சை ஒன்றாக விட்டார்கள். அந்தக் காற்றில் அடுப்புகள் அணைந்தன, கொடியில் கிடந்த துணிகள் படபடத்தன, ஆபீஸ் முற்றத்தில் கிடந்த காலித் தீப்பெட்டிகள் எழும்பித் தெருவெல்லாம் பறந்தன. நாங்கள் கைதட்டினோம். கைதட்டி, விசிலடித்து, அழுகிறவர்கள் அழுது, எட்டு மணிவரைக்கும் எழுந்திருக்காமல் பார்த்தோம். எங்கள் ஊரில் அதைப்போல ஒரு திருவிழா அதற்கு முன்னால் நடந்ததில்லை.

முகிலன் மட்டும் ஒரு காரியம் செய்தான். ஆத்தாளின் புகழ் நாலு பேருக்குப் பரவட்டும் என்று டிவிக்கு நேராகப் போனைப் பிடித்து ரகசியமாகப் பதிவு செய்துவிட்டான். மறுநாள் ஓட்டிப் பார்த்தால் அதில் கை ஒடிந்த நாற்காலி இருந்தது, பக்கத்தில் டம்ளர் இருந்தது, டம்ளரிலிருந்து ஆவிகூடப் போனது. சங்கரேஸ்வரி இல்லை. எத்தனை தரம் ஓட்டினாலும் இல்லை. அதற்குப் பிறகு அவன் ராயப்பனிடம் பந்தயம் கட்டுவதை விட்டுவிட்டான்.

அடுத்த நாள் ஜெயக்கொடி உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் பள்ளிவாசல் தெரு மைமூன், அப்புறம் டாக்டரம்மா, அப்புறம் பேரூராட்சித் தலைவியே வந்து உட்கார்ந்தாள். நாங்களும் உட்காருகிறோம் என்று டீக்கடையிலிருந்து சிலர் கிளம்பி வந்தபோது, "ஆம்பளை உக்காந்திருக்கிறதைப் பாக்கணும்னா சனம் டீக்கடைக்கே வந்துரும், அதுக்கு எதுக்குடா சேனலு?" என்று ராயப்பன் கதவைச் சாத்தினார். மற்றபடி எங்களை யாரும் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 'மருதாணி மாளிகை'யையும் அதன் தம்பி தங்கைகளையும் நாங்கள் போனில்தான் பார்க்கிறோம், பஸ்ஸில் பார்க்கிறோம், சோறு தின்றுகொண்டே பார்க்கிறோம், எப்ப வேணும்னாலும் பார்க்கிறோம். முகிலன் சொன்னதில் அவ்வளவும் நடந்தது. ஏழரையைத் தவிர.

போன வாரம் தென்காசியிலிருந்து கனகவேலின் பெரியப்பா மகன் வந்திருந்தார். எங்கள் ஊர் நடப்பு தெரியாதவர். ஏழரை மணி பஸ்ஸில் இறங்கி, வெறிச்சோடிக் கிடந்த தெருவில் நடந்து, வடக்குத் தெரு வாசலில் நின்று, பயணத்தில் வறண்ட தொண்டையோடு "ஏ தாயி! ஒரு சொம்பு தண்ணி!" என்று சத்தம் கொடுத்தார். இன்னொரு தரம் கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து கனகவேல் ஓடி வந்தான், ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் தண்ணீர்ச் சொம்பு, வாய்மேல் வைக்க விரல் கிடைக்காமல் கரண்டியையே உதட்டில் வைத்தான்.

"மெதுவாப் பேசுங்கண்ணே."

"என்னடா, சங்கரி வீட்ல இல்லையா?"

கனகவேல் கூடத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, ஊரில் கலெக்டர் வந்து இறங்கியிருப்பதைச் சொல்கிறவனைப்போலச் சொன்னான்.

"இருக்கா. உக்காந்திருக்கா."